ஆறுமுகத்தின் லோடு டெஸ்ட்

1. அன்னூர்த் தோட்டத்தில்

என் பெயர் ரங்கசாமி. கோயமுத்தூரில் ஒரு மோட்டார் பம்ப்செட் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் பிட்டராக இருந்தேன். கிணற்றில் மோட்டாரை இறக்கி, பைப் மாட்டி, கரண்டு கொடுத்து, தண்ணீர் மேலே வந்ததும் தோட்டத்துக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வருவது என் வேலை. பேச்சு எனக்குச் சோறு மாதிரி. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் இறங்குவதற்குள் அவர் வீட்டில் எத்தனை மாடு கட்டியிருக்கிறார் என்பது வரை கேட்டுத் தெரிந்துகொள்வேன். அதனாலேயே, நாலு பேருக்கு நடுவில் பேச முடியாத ஒருவனை எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை.

அவன் ஆறுமுகம். எங்கள் கம்பெனியில் டெஸ்டர். என்னைவிட இரண்டு வயது சின்னவன். ஷெட்டின் கடைசியில் ஒரு சிமென்ட் மேடையும் பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டியும் இருக்கும். அதற்குத்தான் டெஸ்ட் பெட் என்று பெயர். செய்து முடித்த மோட்டாரும் பம்பும் அங்கே ஏறி ஓடிக் காட்டிய பிறகே வெளியே போக வேண்டும். ஆறுமுகம் ஸ்குரு டிரைவரின் நுனியை பேரிங் மூடியில் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு அரை நிமிஷம் நிற்பான். பிடிக்கவில்லையென்றால் ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். சாக்பீஸை எடுத்து மோட்டார் மேல் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவான். கழற்றிப் பார்த்தால் உள்ளே ஏதாவது ஒரு கோளாறு இருக்கும். நான் பார்த்தவரை அவன் குறி தப்பியதே இல்லை.

ஆனால் யாராவது பார்க்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் அவன் வேறு ஆள். மேனேஜர் பின்னால் வந்து நின்றால் கையிலிருக்கிற பேனா கீழே விழும். மத்தியானம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து டிபன் கேரியரைத் திறக்கும்போது இவன் மட்டும் இரும்பு உருக்கும் உலைக்கான கரிக்குவியலுக்குப் பின்னால் போய்ச் சாப்பிடுவான். சிங்காநல்லூரிலிருந்து தினமும் நடந்தே வருவான். பஸ் ஏறினால் கண்டக்டரிடம் இறங்கும் இடம் சொல்ல வேண்டுமே, அதற்காக. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது நான் வைத்திருந்த பெயர் ‘திமிர் பிடித்தவன்’.

தோட்டங்களுக்குக் கரண்டு வந்துகொண்டிருந்த காலம் அது. புது மோட்டாரில் முதல் தண்ணீர் எடுக்கும் நாளை எங்கள் பக்கத்தில் கல்யாணம் போலச் செய்வார்கள். சொந்தபந்தம், விருந்தாளி என்று ஒறம்பரையெல்லாம் கூப்பிட்டு, கெடா வெட்டி, மோட்டாருக்கு மாலை போட்டுப் பொட்டு வைத்துத் தேங்காய் உடைப்பார்கள். ஸ்டார்ட்டரைப் போட்டுவிடுவது கம்பெனியிலிருந்து வந்த மேஸ்திரிதான். தண்ணீர் விழுந்ததும் அவருக்குத் துண்டு போட்டு வெற்றிலைபாக்குக் கொடுப்பார்கள். நான் அந்தத் துண்டுக்காகவே அந்த வேலையில் இருந்தேன் என்று கூடச் சொல்லலாம்.

அன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போன புது மோட்டாரை முன்கூட்டி ஓட்டிப் பார்த்தபோது ஏதோ சத்தம் வருகிறது என்றார்கள். முதல் தண்ணீர் எடுக்கும் நாளன்று டெஸ்டரையும் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார் மேனேஜர். காலையில் நானும் ஆறுமுகமும் மட்டும் கிணற்றுக்குள் இருந்தவரை அவன் நன்றாகத்தான் இருந்தான். மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங் கொஞ்சம் விலகியிருந்தது, சரிசெய்தான். மேலே ஏறி வந்து பார்த்தால் அறுபது எழுபது பேர் கூடி நிற்கிறார்கள். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. ‘இவன் கூச்சத்தை இன்றைக்கே உடைத்துவிடலாம். ஒரு தடவை முன்னால் தள்ளிவிட்டால் சரியாகிவிடும்.’

“இவருதானுங்க மோட்டார டெஸ்ட் பண்ணுன மேஸ்திரி. இவரு கையாலயே போடட்டுமுங்க” என்று உரக்கச் சொல்லிவிட்டேன்.

தோட்டத்துக்காரர் சந்தோஷமாக, “ஆகட்டுமுங்க மேஸ்திரி, வாங்க, வந்து போடுங்க” என்றார். பெண்கள் குலவை போடத் தயாரானார்கள்.

அந்தக் காலத்து ஸ்டார்ட்டரில் கைப்பிடியை முதலில் ஸ்டார்ட் பக்கம் தள்ளிப் பிடித்து, மோட்டார் வேகம் எடுத்த பிறகு ரன் பக்கம் தள்ள வேண்டும். ஆயிரம் தடவை செய்தவன் அவன். அன்றைக்குக் கை உதறியது. ஸ்டார்ட்டில் நிற்காமல் கைப்பிடி ரன்னுக்கு ஓடிவிட்டது. பட்டென்று பியூஸ் போனது, மோட்டார் நின்றது. கூட்டத்தில் ஒரு பெரியம்மா, “அட கருமமே, மொத தண்ணியே இப்பிடியா?” என்றார். பின்னாலிருந்து ஒருத்தர், “கையப் பாருங்க. காலையிலயே ஊத்திட்டு வந்திருக்கறான்” என்றார். சிரித்தார்கள்.

ஆறுமுகம் கைப்பிடியை விட்டான். பருத்திக்காட்டுக்குள் இறங்கி நேராக நடக்க ஆரம்பித்தான். டூல் பையைக்கூட எடுக்கவில்லை. நான் பியூஸ் மாற்றித் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். துண்டு எனக்குத்தான் போட்டார்கள். விருந்தும் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

2. மேனேஜர் சொன்னது

ஒரு வாரத்தில் தோட்டத்துக்காரரிடமிருந்து லெட்டர் வந்துவிட்டது. குடித்துவிட்டு வரும் ஆட்களை நல்ல காரியத்துக்கு அனுப்பலாமா என்று கேட்டிருந்தார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

“என்னய்யா ரங்கசாமி, ஆறுமுகம் குடிப்பானா?”

“ஐயோ, இல்லீங்க. அவன் காபியே கரிக்குவியலுக்குப் பின்னால போய்த்தானுங்க குடிப்பான். ஆளுகளப் பாத்தா நடுங்கறானுங்க, அவ்வளவுதான்.”

நல்லது செய்கிறேன் என்று நினைத்துச் சொன்னேன். மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“இது குடியக் காட்டியும் மோசமாச்சேய்யா. கவர்மெண்டு ஆர்டருக்கு இன்ஸ்பெக்‌ஷன் வருது. மெட்ராஸ்ல இருந்து ஆபீசர் வந்து பெட்டு பக்கத்துலயே நிப்பாரு. டெஸ்டரு ஒவ்வொரு ரீடிங்கா சத்தமாப் படிக்கோணும், அவரு கிளார்க்கு எழுதுவாரு. மொதலாளியும் நிப்பாரு. அங்க போய் இவன் நடுங்கிட்டு நின்னா என்னாகும்? ரெண்டு மாசம் டைம் தாரேன். அதுக்குள்ள சரியாகலைனா பேக்கிங்குக்குப் போகட்டும். பெட்டுக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்.”

பேக்கிங் என்றால் வைக்கோல் சுற்றி மரப்பெட்டிக்கு ஆணி அடிப்பது. கேவலமான வேலை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் காதையும் கண்ணையும் கொண்டுபோய் ஆணி அடிக்க வைப்பதா? நான் ஆறுமுகத்திடம் போய்ச் சொன்னபோது அவன் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை நிறுத்தினான்.

“இந்த பெட்ட உட்டா எனக்கு வேற எடமில்லீங்கண்ணா” என்றான். எட்டு வருஷத்தில் அவன் என்னிடம் தானாகச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

மன்னிப்புக் கேட்டேன். அவனுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டபோது சொன்னான், தலையை நிமிர்த்தாமல். “ஒரு ஆளப் பாக்கோணும்னா முந்தின நாள் ராத்திரியே தூக்கம் வராதுங்க. என்ன பேசோணும்னு மனசுக்குள்ள நூறு தடவ சொல்லிப் பாத்துக்குவேன். நேர்ல போனா ஒண்ணும் வராதுங்க. நெஞ்சு அடிக்கற சத்தம் அவங்களுக்குக் கேக்குமோன்னு இருக்கும். ஊட்டுக்கு வந்தப்பறம், ஏன் அப்பிடி நின்னேன், என்னைய என்ன நெனச்சிருப்பாங்கன்னு ஒரு வாரத்துக்கு அதே ஓடும். சும்மா கூச்சம் இல்லீங்க இது.”

இப்போது டாக்டர்கள் இதற்கு சோஷியல் ஆங்சைட்டி என்று பெயர் வைத்து, தனியாகவே வைத்தியம் பார்க்கிறார்களாம். அன்றைக்குப் பெயரும் கிடையாது, வைத்தியமும் கிடையாது. ‘பயந்தாங்கொள்ளி’ என்ற ஒரு சொல்தான் எங்களிடம் இருந்தது.

3. இரண்டாவது தப்பு

முன்னால் தள்ளியதால்தானே கெட்டது, இனிமேல் நான் அவனுக்கு முன்னால் நின்றுகொள்கிறேன் என்று முடிவு செய்தேன். அவன் ஸ்டோருக்குப் போனால் நானும் போவேன். “ரெண்டு கேஸ்கெட்டு வேணுமாம், குடுங்க” என்று அவனுக்குப் பதில் நான் கேட்பேன். வாட்ச்மேன் ஏதாவது கேட்டால் நான் பதில் சொல்வேன். மேனேஜர் பெட் பக்கம் வந்தால் எங்கிருந்தாவது ஓடிவந்து ரீடிங்கை நான் படிப்பேன். அவனுக்கு எவ்வளவு உதவி செய்கிறோம் என்று எனக்கே என் மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது.

இரண்டு வாரம் போனது. ஒரு நாள் ஸ்டோர் வாசலில் என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தான்.

“ரங்கண்ணா, கோவிச்சுக்காதீங்க. நீங்க எனக்காகப் பேசாதீங்க.”

“ஏம்ப்பா, ஒத்தாசைக்குத்தான?”

“போன மாசம் வரைக்கும் ஸ்டோருல கேஸ்கெட்டாவது நானே கேட்டுட்டிருந்தேனுங்க. இப்ப அதுக்கும் உங்களத் தேடறேன். இப்பிடியே போனா இருந்த கொஞ்சமும் போயிருமுங்க.”

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தள்ளினாலும் தப்பு, தாங்கினாலும் தப்பு என்றால் என்னதான் செய்வது? இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. நான் பேசாமல் இருப்பது அவனுக்கு ஒரு தண்டனையா என்று அப்போது யோசிக்கத் தோன்றவில்லை.

4. எந்த மோட்டாருடைய ரிப்போர்ட்?

மூன்றாவது நாள் பழைய டெஸ்ட் ஷீட் ஒன்றைத் தேடி அவன் அலமாரியைத் திறந்தேன். ஒரு கட்டு ரிப்போர்ட் இருந்தது. கம்பெனியில் அச்சடித்துப் பாழாய்ப்போன பாரங்களின் பின்பக்கம், பென்சிலால் கோடு போட்டுத் தமிழில் எழுதியிருந்தான். லோடு, ஆரம்ப டெம்பரேச்சர், உச்சம், கடைசி டெம்பரேச்சர், பிடித்த நேரம் என்று கட்டம் கட்டமாக. உச்சத்தில் ஓரிடத்தில் தொண்ணூற்றைந்து என்று இருந்தது.

“இதென்ன மோட்டாரப்பா? தொண்ணூத்தஞ்சு டிகிரி வந்தா வைண்டிங்கு பொகையுமே” என்று கத்தினேன்.

ஓடிவந்து பிடுங்கப் பார்த்தான். முகமெல்லாம் சிவந்துவிட்டது. “அது மோட்டாரு இல்லீங்கண்ணா. நானுங்க.”

அப்புறம்தான் லோடு என்ற கட்டத்தைப் படித்தேன்.

‘பஸ். கண்டக்டரிடம் ஸ்டாப் பேர் சொல்வது. ஆரம்பம் 50. உச்சம் 80. கால் மணியில் 45.’

‘உக்கடம் கடை. விலை மட்டும் கேட்டுவிட்டு வாங்காமல் வருவது. ஆரம்பம் 55. உச்சம் 85.’

‘காபி கிளப். நடு மேஜை. ஆரம்பம் 60. உச்சம் 95. பாதியில் எழுந்து வந்தாச்சு. டெஸ்ட் செல்லாது.’

அதற்குக் கீழேயே மறுநாள் தேதியில்: ‘அதே லோடு. உச்சம் 95. எழுந்திருக்கவில்லை. முக்கால் மணியில் 55.’

டெஸ்ட் பெட் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். புது டிசைன் மோட்டாரை எடுத்த எடுப்பில் முழு லோடில் ஓட்ட மாட்டோம். முதலில் சும்மா ஓட விடுவோம். பிறகு தண்டில் உள்ள டிரம்மில் பெல்ட்டைச் சுற்றி இறுக்கிக் கால் லோடு, அரை லோடு, முக்கால், முழுசு என்று ஏற்றுவோம். முழு லோடில் மூன்று நாலு மணி நேரம் விடாமல் ஓட்டி, மோட்டார் உடம்பில் தெர்மாமீட்டர் வைத்துச் சூடு எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்போம். அதற்கு ஹீட் ரன் என்று பெயர். இதை ஆறுமுகம் தன் மேலேயே செய்துகொண்டிருந்தான், தன் பயம் எவ்வளவு என்று தானே மதிப்பிட்டு அதைச் சூட்டுக் கணக்கில் எழுதி. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

அவன் சொன்னதை முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன். “ஹீட் ரன்னுல மொதல் ஒரு மணி நேரம் சூடு ஏறற வேகத்தப் பாத்தா, எரிஞ்சே போயிரும்னு தோணுமில்லீங்க? ஆனா ஒரு எடத்துல போய் நின்னுரும். அதுக்கு மேல ஏறாது. ஏறிட்டிருக்கறப்பவே ஆப் பண்ணிப்போட்டா அது எங்க நிக்கும்னு தெரியவே தெரியாதுங்க. நான் பொறந்ததுல இருந்து ஏறறப்பவே ஆப் பண்ணிட்டு ஓடியாந்திருக்கறேன். அதனால இது நிக்காதுன்னே நெனச்சுட்டிருந்தேனுங்கண்ணா. இப்பத்தான் தெரியுது, நிக்குது. என்னோடது கொஞ்சம் மேல போய் நிக்குது, அவ்வளவுதான்.”

பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, “அன்னூர்ல நீங்க என்னைய வெச்சது நேரா முழு லோடுங்க. அதுக்கு நல்ல மோட்டாரே தாங்காதுங்க” என்றான்.

இப்படி ஒரு மூளையைத்தான் எட்டு வருஷமாகத் திமிர் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

5. கை கழுவும் நேரம்

அதற்கப்புறம் என் உதவியைக் கேட்டான். அவன் போட்ட நிபந்தனை ஒன்றுதான். நான் பக்கத்தில் இருக்கலாம், பேசக் கூடாது. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

முதலில் என் ஒருத்தன் முன்னால் ரீடிங்கைச் சத்தமாகப் படித்தான். நாலு நாளில் அது சாதாரணமாகிவிட்டது. அடுத்தது வைண்டிங்கில் செப்புக் கம்பி சுற்றும் இரண்டு பேர் முன்னால். அடுத்த லோடுதான் பெரியது. மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும் இரும்பு வார்க்கும் பவுண்டரி ஆட்கள் இருபது பேராவது டெஸ்ட் பெட் குழாயில்தான் கை கழுவ வருவார்கள். அந்த நேரத்தில் ஒரு பம்பை ஓட விட்டுப் படிப்பேன் என்றான்.

முதல் நாள் தொண்டையிலிருந்து சத்தமே வரவில்லை. வந்தபோது கீச்சென்று வந்தது. பவுண்டரிக்காரன் ஒருத்தன், “ஏனுங்க ஆறுமுகம், பம்புக்குள்ள எலி பூந்துருச்சுங்களா?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்துவிட்டேன். ஆறுமுகம் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். மீட்டரைப் பார்த்துக்கொண்டே மறுபடி முதலிலிருந்து படித்தான். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. மணி முடியும்வரை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

பிறகு, “அவனுக்கு ரெண்டு குடுத்திருப்பேன், தடுத்துப்போட்ட” என்றேன்.

“சிரிக்கட்டுமுங்க. சிரிப்பு இல்லாம லோடு எப்பிடிங்க ஆகும்?”

மூன்றாவது வாரம் அவன் கணீரென்று படித்துக்கொண்டிருந்தான். கை கழுவுகிறவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மழை வருமா, எந்த மில்லில் ஆள் எடுக்கிறார்கள் என்று அவர்கள் பேச்சு அவர்களுக்கு. அன்றைக்கு ஆறுமுகம் என்னிடம் வந்து ஏதோ புதையல் கிடைத்தவன் மாதிரிச் சொன்னான்: “ண்ணா, யாருமே பாக்கறதில்லீங்க. எல்லாரும் என்னையே பாத்துட்டிருக்கறாங்கன்னு நாந்தான் நெனச்சுட்டிருந்திருக்கறேன்.”

எல்லா நாளும் இப்படி ஏறுமுகமாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். நடுவில் ஒரு திங்கட்கிழமை வேலைக்கே வரவில்லை. வீட்டிலிருந்து கிளம்பிப் பாதி வழியில் திரும்பிவிட்டானாம். மறுநாள் ஷீட்டில் ‘டெஸ்ட் செல்லாது’ என்று எழுதிவிட்டு, அதற்கு முந்தின லோடிலிருந்து மறுபடி ஆரம்பித்தான். தன்னைத் தானே திட்டிக்கொள்ளவில்லை. எனக்கு அது பெரிய ஆச்சரியம்.

6. மறுபடியும் அன்னூர்

இன்ஸ்பெக்‌ஷனுக்குப் பத்து நாள் இருக்கும்போது, அன்னூரில் விட்டுவந்த டூல் பையை எடுத்து வரப் போகிறேன் என்றான்; அன்றைக்கு நானும் அதை எடுத்து வர மறந்திருந்தேன். யாராவது போய் வாங்கி வரலாம், நானே கூட வாங்கி வந்திருப்பேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. நானும் கூடப் போனேன். தோட்டத்து வேலிப்படலுக்கு வெளியே என்னை நிற்க வைத்துவிட்டு அவன் மட்டும் உள்ளே போனான். அங்கிருந்து பேசுவது எனக்கு நன்றாகக் கேட்டது.

“ஆருங்க? அட, அன்னிக்கு வந்த மேஸ்திரியா?” என்றார் தோட்டத்துக்காரர். குரலில் மரியாதை இருந்தது, பிரியம் இல்லை.

ஆறுமுகம் வாயைத் திறக்கும்வரை நான் படலைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலை எனக்குத்தான் தெரியும்.

“நான் குடிக்கறவன் இல்லீங்க. அதச் சொல்லிப்போட்டுப் போலாம்னு வந்தேனுங்க.”

“குடிக்கலைனா அன்னிக்கே அதச் சொல்லியிருக்கலாமுல்லங்க?”

“சொல்ல முடிஞ்சிருந்தா ஓடியிருக்க மாட்டேனுங்க.”

உள்ளேயிருந்து தோட்டத்துக்காரர் சம்சாரம் வந்தார். “அன்னிக்கு உங்காமயே போயிட்டீங்க தம்பி. வெறும் வயித்தோட ஊட்ட உட்டுப் போனது எனக்கு அன்னிக்கெல்லாம் மனசே கேக்கல. கையக் கழுவுங்க, எல போடறேன்.”

எதிரில் உட்கார்ந்து பார்க்கிறவர் முன்னால் சாப்பிடுவது என்பது அவன் ஷீட்டில் கடைசிக்கு முந்தின லோடு. வேலி வழியாகப் பார்த்தேன். அந்த அம்மா பக்கத்திலேயே நின்று பரிமாற, தோட்டத்துக்காரர் எதிரில் உட்கார்ந்திருக்க, ஆறுமுகம் சாப்பிட்டான். கை நடுங்கி ரசம் வேட்டியெல்லாம் சிந்தியது. அந்த அம்மா ஒரு துணியைக் கொடுத்துவிட்டு, “இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?” என்றுதான் கேட்டார். அவன் வாங்கிக்கொண்டான். அந்தச் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டு வேலிக்கு வெளியே ஒரு வளர்ந்த மனுஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றான் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

7. நாலாம் நம்பர் பம்ப்

இன்ஸ்பெக்‌ஷன் அன்று பெட்டைச் சுற்றி ஒன்பது பேர் நின்றார்கள். மெட்ராஸ் ஆபீசர், அவர் கிளார்க், மொதலாளி, மேனேஜர், இரண்டு டீலர்கள், கம்பெனி ஆட்கள் நாங்கள் மூன்று பேர். தயாராக இருந்த லாட்டிலிருந்து ஆபீசர் தானே பார்த்து ஆறு பம்பைக் காட்டினார். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஆர்டர் அவசரத்தில் அந்த லாட்டில் பாதிதான் பெட்டில் ஏறியிருந்தது. மேனேஜர் உத்தரவு அது. ஆறுமுகம் வேண்டாம் என்று சாக்பீஸால் தரையிலேயே எழுதிக் காட்டியும் நடக்கவில்லை.

பம்ப் தரும் தண்ணீரை அளக்க, தொட்டி வாயில் ஆங்கில ‘வி’ எழுத்து மாதிரி வெட்டிய தகடு இருக்கும், அந்த வெட்டுக்கு நாட்ச் என்று பெயர். அதன் வழியே தண்ணீர் எவ்வளவு உயரம் போகிறது என்பதுதான் கணக்கு. ஒரு கூரான கொக்கியைத் திருகித் திருகி, அதன் நுனி தண்ணீர் மட்டத்தைத் தொடும்படி வைத்து உயரத்தைப் படிக்க வேண்டும். நிதானமான கை வேண்டிய வேலை. முதல் பம்பிலேயே ஆறுமுகத்தின் கை ஆட ஆரம்பித்தது. திருகு கடகடவென்று சத்தம் போட்டது.

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றினார். “என்னப்பா, ஏன் இப்படிக் கை நடுங்குது? இதுல எப்படி ரீடிங் கரெக்டா இருக்கும்?”

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். காய்ச்சல் என்று சொல்லிவிடலாம், நேற்றெல்லாம் ஓவர்டைம் என்று சொல்லிவிடலாம், என்னிடம் பத்துக் காரணம் தயாராக இருந்தது. கொடுத்த வாக்கு ஞாபகம் வந்து வாயை மூடினேன்.

ஆறுமுகம் நிமிர்ந்தான். “நாலு பேரு பாத்தா என் கை நடுங்குமுங்க சார். முந்தியெல்லாம் நிக்கவே மாட்டேன், ஓடிருவேன். இப்ப நிக்கறேனுங்க. கொக்கிய வெச்சுப்போட்டுக் கைய எடுத்துருவேன். கைதான் நடுங்கும், கொக்கி நடுங்காதுங்க. நீங்களும் ஒருக்கா பாத்துக்கலாமுங்க.”

யாரும் சிரிக்கவில்லை. ஆபீசர் குனிந்து பார்த்தார், “ம்” என்றார். அதன்பின் மூன்று பம்ப் வரை அவன் படிக்கப் படிக்க கிளார்க் எழுதினார். குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. மொதலாளி கைகட்டி நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலாவது பம்ப். கொக்கியை வைத்தான், கையை எடுத்தான், பார்த்தான். மறுபடியும் வைத்தான், எடுத்தான், பார்த்தான்.

“பம்பு நம்பர் நாலு. நாட்சு நாலரை இஞ்சுங்க. நாலே முக்கா இருக்கோணும். தண்ணி கொறையுதுங்க.”

மேனேஜர் ஓர் அடி முன்னால் வந்தார். முகத்தில் சிரிப்பு, கண்ணில் வேறு.

“ஆறுமுகம், சரியாப் பாருய்யா. உன்ற கை நடுக்கத்துல கொக்கியத் தப்பா வெச்சிருப்ப. நாலே முக்காதான?”

தப்பித்துக்கொள்ள அதைவிட நல்ல வழியை யாரும் திறந்துவிட முடியாது. இத்தனை நாள் அவனை வதைத்த அந்த நடுக்கத்தையே சாக்காகக் கையில் கொடுத்துவிட்டார். ‘ஆமாங்க’ என்று ஒரு வார்த்தை போதும். பெட்டும் நிற்கும், மேனேஜரும் சந்தோஷப்படுவார், எல்லா முகமும் மலரும்.

ஆறுமுகம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். வியர்வை தாடையிலிருந்து சொட்டியது.

“கைய எடுத்துட்டுத்தானுங்க பாத்தேன். நாலரைதானுங்க.”

ஆபீசர் தானே குனிந்து பார்த்தார். நாலரைதான். அந்தப் பம்பை ரிஜெக்ட் செய்தார். மீதி இரண்டையும் பார்த்து முடித்துவிட்டு மொதலாளியிடம் சொன்னார்: “ஆர்டரை நிறுத்தப் போறதில்லை. ஆனா லாட்டுல ஒண்ணு விடாம எல்லாமே பெட் ஏறணும். ஒவ்வொரு ஷீட்டுலயும் இந்த டெஸ்டர் கையெழுத்து இருக்கணும். வேற ஆள் கையெழுத்தோட வந்தா நான் வாங்கிக்க மாட்டேன்.”

மொதலாளி மேனேஜர் பக்கம் திரும்பி, “கேட்டீங்களா?” என்று மட்டும் சொன்னார். பேக்கிங் பேச்சு அதோடு முடிந்தது. ஆறுமுகம் ரிட்டயர் ஆகும்வரை அந்த பெட்டில்தான் இருந்தான். ஒவ்வொரு இன்ஸ்பெக்‌ஷனிலும் கை நடுங்கத்தான் செய்தது. வருகிற ஆபீசரிடம் முதலிலேயே அதைச் சொல்லிவிட்டு வேலையை ஆரம்பிப்பான்.

இதைப் படிக்கிற இளைஞர்களில் ஆறுமுகம் மாதிரி ஒருவர் இருந்தால், லோடை நீங்களே தீர்மானித்து, சின்னதிலிருந்து ஏற்றுங்கள், சூடு நிற்கும்வரை ஆப் பண்ணாதீர்கள் என்பதுதான் அவன் கண்டுபிடித்தது. பக்கத்தில் அப்படி ஒருவர் இருந்தால் தள்ளவும் வேண்டாம், அவருக்காகப் பேசவும் வேண்டாம், கூட நின்றால் போதும். இது நான் கெடுத்துக் கற்றுக்கொண்டது.

ஆனால் அன்றைக்கு நான் கற்றுக்கொண்ட பாடம் இது அல்ல. அந்த நாலாவது பம்ப் முன்னால் நான் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன். மேனேஜர் முகம் சுருங்குவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நான் பேசிய பேச்செல்லாம் எதிரில் இருப்பவர் என்னைப் பற்றி நல்லபடியாக நினைக்க வேண்டும் என்பதற்காகத்தான். மனுஷரைக் கண்டு பயம் எனக்கும் இருந்திருக்கிறது. ஆறுமுகம் நடுங்கிக்கொண்டே நாலரை என்றான். நானாக இருந்தால் கொஞ்சமும் நடுங்காமல் நாலே முக்கால் என்று சொல்லியிருப்பேன்.